‘பி53 பாசிட்டிவ்’: நுரையீரல் புற்றில் காவல் புரதங்களுக்கு என்ன ஆகிறது?

எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவர் போன மாதம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே அவருடைய வீட்டுக்காரரின் பயாப்ஸி ரிப்போர்ட். மதுரையில் நுரையீரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் காரைக்குடியில் பள்ளிக்கூட உயிரியல் ஆசிரியர். உயிர்வேதியியல் படித்தவன் என்பதால் தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் ஒருமுறை என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். ஆச்சி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, பி53 பாசிட்டிவ்னு போட்டிருக்காக. பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. “மகன் போன்ல பாத்துட்டு அது ஒரு புரோட்டீனுன்னு சொன்னான். அப்ப அவுகளுக்கு முட்டை, புரோட்டீன் மாவெல்லாம் குடுக்கலாமா, கூடாதா?”

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். தாராளமாகக் கொடுக்கலாம், எடை குறைந்துகொண்டே போகும் நோயாளிக்குப் புரதம் மிகவும் தேவை. நாம் சாப்பிடும் முட்டையும் பருப்பும் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடுகின்றன. பி53 என்பது செல் தன் மரபணுவைப் பார்த்துத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் புரதம். சாப்பாட்டால் அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

முதல் கேள்விதான் பெரியது. பி53 பாசிட்டிவ் என்றால் என்ன என்பதில் ஆச்சிக்கு வந்த அதே குழப்பம், அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே 10 ஆண்டுகள் இருந்தது.

1979-ல் லண்டனில் டேவிட் லேன், பிரின்ஸ்டனில் அர்னால்ட் லெவின் உட்படப் பல குழுக்கள் தனித்தனியாக இந்தப் புரதத்தைக் கண்டன. அதன் எடை 53 ஆயிரம் டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) இருக்கும் என்று கணித்ததால் பி53 என்று பெயர். (உண்மையான எடை 44 ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) புற்றுச் செல்களில் இது குவிந்து கிடந்தது, சாதாரண செல்களில் தேடினாலும் கிடைக்கவில்லை. இதைப் பார்த்த யாருக்கும் இதுதான் புற்றை உண்டாக்குகிறது என்று தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துச் செல்களில் செலுத்தினார்கள். செல்கள் புற்றுத் தன்மை பெற்றன. குற்றவாளி அகப்பட்டான் என்றே முடிவு செய்தார்கள். அவர்கள் கையில் இருந்த மரபணு ஏற்கெனவே பழுதான ஒன்று என்பது அப்புறம்தான் தெரிந்தது. பழுதில்லாத மரபணுவைச் செலுத்தியபோது அது புற்றை அடக்கியது. 1989-ல் லெவினின் குழுவும் அமெரிக்காவில் பெர்ட் வோகெல்ஸ்டீனின் குழுவும் விஷயத்தைத் தலைகீழாக்கின. பி53 காவலாள். புற்றுச் செல்லில் குவிந்து கிடப்பது வேலை செய்யாத காவலாள்.

சரி, இந்தக் காவலாளுக்கு என்ன வேலை? எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் இருந்தார்கள். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. தவணை முடிந்து அவர் ஊர் திரும்பும்போது கணக்கு அடுத்து வருகிறவரின் கைக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஐந்தொகை எடுப்பார்கள். பற்றும் வரவும் நேராக வேண்டும். காலணா இடித்தாலும் எங்கே தவறு என்று பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டுவார்கள். தவறான கணக்கைக் கை மாற்றினால் அது அடுத்தவரின் கணக்கில் ஏறி, அங்கிருந்து அதற்கடுத்தவருக்கும் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

செல் இரண்டாகப் பிரிவதும் கணக்கு கை மாறுவதுதான். ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வை முழுவதும் படியெடுத்து, இரு செல்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டும். டி.என்.ஏ.வில் அடிபட்டிருந்தால் பி53 எழுந்துகொள்கிறது. முதலில் பி21 என்ற இன்னொரு புரதத்தைச் செய்யச் சொல்லும். அது பிரிவை நிறுத்தி வைக்கும். பழுது பார்க்கும் நொதிகள் வேலையை முடித்தால் பிரிவு தொடரும். முடிக்க முடியாத அளவு சேதம் என்றால் பி53 வேறு மரபணுக்களை இயக்கி, அந்தச் செல்லை ஒழுங்காகச் சாகச் சொல்லும். அல்லது இனி ஒருபோதும் பிரியாத முதுமை நிலைக்குத் தள்ளும். உயிரோடு இருக்கும் ஒருவரின் உடலில் இது நாள்தோறும் நடக்கிறது. பழுதான செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வதால்தான் நாம் நலமாக இருக்கிறோம் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். எனக்கும் இன்றுவரை அந்த வியப்பு தீரவில்லை.

யானைக்கு இந்த மரபணு 20 ஜோடி இருப்பதாக 2015-ல் கண்டார்கள். நமக்கு ஒரே ஜோடி. அவ்வளவு பெரிய உடம்பில், அத்தனை செல்கள் இருந்தும் யானைக்குப் புற்று அரிதாக வருவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போது ‘பாசிட்டிவ்’ விஷயம். நலமான செல்லில் பி53 செய்யப்பட்டுக்கொண்டே இருக்கும், உடனுக்குடன் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கும். அரை மணி நேரம் தங்குவதே அதிகம். அழிக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது எம்.டி.எம்.2 என்ற புரதம். அந்த எம்.டி.எம்.2-வைச் செய்யச் சொல்வதும் பி53-தான். தன்னை அப்புறப்படுத்த வேண்டிய ஆளைத் தானே அமர்த்திக்கொள்வது போன்ற ஏற்பாடு. இதனால் தேவையில்லாத நேரத்தில் பி53 அளவு மீறுவதில்லை.

மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, பி53-ன் 393 அமினோ அமிலங்களில் ஒன்று தவறாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரதத்தால் டி.என்.ஏ.வைச் சரியாகப் பற்ற முடியாது. பற்ற முடியாததால் எம்.டி.எம்.2-வையும் போதிய அளவு செய்யச் சொல்ல முடியாது. அகற்ற ஆள் இல்லாமல் பழுதான பி53 செல்லுக்குள் குவிகிறது. ஆய்வகத்தில் சதைத் துண்டுக்கு ஐ.எச்.சி. என்ற, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் நிறம் காட்டும் சாயம் போடும்போது அந்தக் குவியல்தான் அடர்ந்த பழுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். மரபணு இன்னும் மோசமாகச் சிதைந்து புரதமே உருவாகாமல் போனால் சாயம் கொஞ்சமும் பிடிக்காது. அதுவும் பழுதுதான். அங்கங்கே சில செல்களில் மட்டும் வெளிறித் தெரிந்தால் அதுதான் இயல்பு. ஆக, எல்லாச் செல்லிலும் அடர்ந்து தெரிந்தாலும் தவறு, துளியும் தெரியாவிட்டாலும் தவறு. “அப்ப பாசிட்டிவ்னா காவக்காரன் இருக்கான், ஆனா வேலைக்கு ஆக மாட்டான்னு அர்த்தம்” என்றார் ஆச்சி. அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. பி53 தனியாக வேலை செய்வதில்லை, நாலு பி53 சேர்ந்துதான் டி.என்.ஏ.வைப் பிடிக்கும். நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் தோள் கொடுக்காமல் தொங்கினால் மற்ற மூவரும் தடுமாறுவார்கள். தாய் வழி வந்த மரபணு பழுதாகி, தந்தை வழி வந்தது நன்றாக இருக்கிறது என்றால் செல்லில் நல்லதும் கெட்டதும் பாதிப்பாதி. நாலு நாலாகச் சேரும்போது நாலும் நல்லதாக அமைவது 16-ல் ஒரு முறைதான். ஒரு பிரதியின் பழுதே இவ்வளவு தொல்லை கொடுக்கும். பெரும்பாலான கட்டிகளில் நாளடைவில் இரண்டாவது பிரதியும் தொலைந்துபோகிறது.

நுரையீரலில் இந்தப் பழுது எப்படி வருகிறது என்பதற்கு மிகத் தெளிவான தடயம் ஒன்று இருக்கிறது. புகையிலைப் புகையில் பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் உண்டு. உடல் அதைக் கரைத்து வெளியேற்ற முயலும்போது அது இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறி டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. 1996-ல் ஆய்வாளர்கள் நுரையீரல் குழாய்ச் செல்களில் இந்த வேதிப்பொருளைச் செலுத்தி, பி53 மரபணுவில் அது எங்கெங்கே ஒட்டுகிறது என்று வரைபடம் எடுத்தார்கள். புரதத்தின் 157, 248, 273-ஆம் அமினோ அமிலங்களுக்கான இடங்களில் அதிகமாக ஒட்டியது. புகைத்தவர்களின் நுரையீரல் கட்டிகளில் பி53 அடிக்கடி பழுதாகும் இடங்களும் இவையே. அங்கே நடக்கும் எழுத்து மாற்றமும் பெரும்பாலும் ஒரே மாதிரி, குவானின் இருந்த இடத்தில் தைமின். பழைய பேரேட்டைப் பார்த்து இது இன்னாருடைய கையெழுத்து என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். புகையும் மரபணுவில் அப்படித் தன் கையெழுத்தை விட்டுப் போகிறது. 2016-ல் வந்த ஒரு கணக்கின்படி, ஒருவர் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தால் அவருடைய நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மாற்றங்கள் சேர்கின்றன. பீடிக்கும் சுருட்டுக்கும் இதில் விலக்கு எதுவும் இல்லை.

விறகடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் விறகுப் புகைக்கு நடுவே ஆயுள் முழுவதும் நின்ற சமையல்காரர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் வைத்திருக்கிறது. நிலக்கரிப் புகைக்கு ‘அநேகமாக’ கூடக் கிடையாது, உறுதியாகவே சொல்லிவிட்டார்கள்.

பி53-ஐப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். கட்டியை அடக்கும் புரதங்கள் இன்னும் பல உண்டு. முதலில் புரிந்துகொள்ளப்பட்டது உண்மையில் ஆர்.பி. என்பதுதான். குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றில் இது தெரிய வந்தது. 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 48 குழந்தைகளின் விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் புற்று வர இரண்டு அடி விழ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். மரபணுவைக் கண்ணால் பார்க்காமல் சொன்னது. 15 ஆண்டு கழித்து மரபணு கிடைத்தபோது கணக்கு சரியாக இருந்தது.

ஆர்.பி. இருக்கும் இடம் செல் பிரிவின் முதல் வாசல். எங்கள் ஊர் வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். செல் பிரிவும் வாசலுக்குப் பின் வாசலாகத்தான் போகிறது. படியெடுக்கும் வேலையைத் தொடங்கும் புரதங்களை ஆர்.பி. முதல் வாசலிலேயே பிடித்து வைத்திருக்கும். வளரலாம் என்று செய்தி வந்தால் சி.டி.கே.4 என்ற நொதி ஆர்.பி.யின் பிடியைத் தளர்த்தும். தேவையில்லாமல் தளர்த்திவிடாதபடி சி.டி.கே.4-ஐக் கட்டுக்குள் வைப்பது பி16 என்ற இன்னொரு புரதம். ஆக இது ஒரு சங்கிலி. நுரையீரல் புற்று இந்தச் சங்கிலியை எங்கே அறுக்கிறது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சிறுசெல் புற்று என்ற வேகமான வகையில் ஆர்.பி.யே போய்விடுகிறது, பி16 எக்கச்சக்கமாக இருக்கும். மற்ற வகைகளில் பெரும்பாலும் ஆர்.பி. அப்படியே இருக்கும், பி16 தொலைந்திருக்கும். ஓர் இடத்தில் அறுந்தாலே போதும் என்பதால் இரண்டையும் அறுக்க வேண்டிய தேவை புற்றுக்கு இல்லை. பி16 தொலைவதற்கு எழுத்து மாற்றம்கூட வேண்டியதில்லை. மரபணு முழுசாக இருக்கும்போதே அதன் மேல் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதி ஒட்டுகள் படிந்து அதைப் படிக்க முடியாமல் செய்துவிடுவதும் உண்டு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புற்றுச் செல்லின் நடத்தை கொஞ்சம் புரியும். சிறுசெல் புற்றில் ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் பி53, ஆர்.பி. இரண்டும் செயலிழந்திருக்கின்றன. முதல் வாசலில் ஆள் இல்லை, ஐந்தொகை பார்க்கவும் ஆள் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பெருகி, கண்டுபிடிக்கும் முன்பே பரவிவிடுகிறது. நுரையீரல் புற்றின் மற்ற வகைகளில், செதிள்செல் புற்றில் ஐந்தில் நான்கு கட்டிகளிலும், அடினோகார்சினோமா என்ற சுரப்பிச் செல் வகையில் ஏறக்குறைய பாதியிலும் பி53 பழுதாகியிருக்கும். பழுதான டி.என்.ஏ.வோடு பிரியப் பிரிய குரோமோசோம்கள் உடைந்தும் கூடியும் குறைந்தும் போகின்றன. ஒரே கட்டிக்குள் நூறு விதச் செல்கள். அவற்றில் ஒன்று மருந்துக்குத் தப்பினால் அது பெருகுகிறது. கட்டி மருந்துக்குப் ‘பழகிவிட்டது’ என்று சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி இதுதான்.

அடினோகார்சினோமாவில் எல்.கே.பி.1 என்று ஒரு புரதம் பழுதாவதும் உண்டு. ரிப்போர்ட்டில் எஸ்.டி.கே.11 என்று அதன் மரபணுப் பெயரால் வரும். இது செல்லின் ஆற்றல் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளும். கையிருப்பு குறைந்தால் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும். இது போனால் செல் பற்றாக்குறையிலும் வளர்ந்துகொண்டே போகும். 2007-ல் எலிகளில் செய்த ஆய்வில், செல்லை வளரச் சொல்லும் கே-ராஸ் என்ற புரதத்தின் பழுதோடு இதுவும் தொலைந்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததோடு மற்ற இடங்களுக்கும் அதிகமாகப் பரவியது. மனிதரில், கே-ராஸ், எஸ்.டி.கே.11 இரண்டும் பழுதான கட்டிகளுக்கு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின் மேல் ஏவும் சிகிச்சை) சரியாகப் பலன் தருவதில்லை என்பது 2018-ல் தெரிய வந்தது. ஒரே மருந்து பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கிறது, நமக்குக் கேட்கவில்லை என்று மனம் உடைபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் எதுவும் தவறாகச் செய்ததால் அப்படி ஆகவில்லை.

வியப்பான நடத்தை இன்னொன்று இருக்கிறது. செல்லுக்கு வளரச் சொல்லும் செய்தியை வாங்கித் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தை அடைக்கும் மாத்திரையால் நன்றாகச் சுருங்கிய அடினோகார்சினோமா, சிலருக்குச் சில ஆண்டுகளில் சிறுசெல் புற்றாகவே உருமாறித் திரும்பி வருகிறது. பி53-ம் ஆர்.பி.யும் இழந்த கட்டிகளில்தான் இது நடக்கிறது. செல்லை அதன் வகைக்குள் நிறுத்தி வைப்பதிலும் இந்தப் புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. மாத்திரை கேட்காமல் போனதும் டாக்டர் இன்னொரு பயாப்ஸி வேண்டும் என்று சொன்னால், “திரும்பவும் ஊசி குத்தணுமா” என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த உருமாற்றத்தைக் கண்டால் சிகிச்சையே வேறு.

ஆச்சியின் மகன் கேட்டது இதைத்தான்: “ஈ.ஜி.எஃப்.ஆர்.னா மாத்திரை இருக்குங்கிறாங்க. பி53 தான் பாதிப் பேருக்குக் கெட்டுப்போகுதே, அதுக்கு ஏன் மாத்திரை இல்ல?”

ஈ.ஜி.எஃப்.ஆரும் கே-ராஸும் அளவு மீறி வேலை செய்பவை. குறுக்கே ஒரு மருந்து மூலக்கூறை வைத்து அவற்றை அடைத்துவிடலாம். கே-ராஸுக்கே பல பத்தாண்டுகள் முயன்று 2021-ல்தான் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் ஒரே ஒரு வகைப் பழுதுக்கு. பி53-ன் நிலைமை வேறு. ஒன்று இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. இல்லாத ஆளை மாத்திரையால் எப்படி உண்டாக்குவது? நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் சிகிச்சைக்குச் சீனா 2003-ல் தலை, கழுத்துப் புற்றுகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் பரவிய நுரையீரல் புற்றில் ஒவ்வொரு செல்லுக்கும் அதைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு. இன்னொரு வழி, வளைந்து போன பி53-ஐ நிமிர்த்துவது. 220-ஆம் இடத்தில் ஒரு பெரிய அமினோ அமிலம் போய்ச் சிறியது வந்துவிட்டால் புரதத்தில் ஒரு குழி விழுந்து அது குலைகிறது. அந்தக் குழியில் சரியாகப் பொருந்தி உட்காரும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதனைக்கு வந்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு மட்டும்தான் அது. ஆனாலும் உடைந்த காவலாளை நிமிர்த்த முடியும் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

போகும் முன் ஆச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டதுதான் அன்று அவர் மனதில் உண்மையில் இருந்த கேள்வி. “மரபணுன்னு போட்டிருக்கே தம்பி. பேத்திக்குப் பேசிக்கிட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லுவாக.”

இதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். நுரையீரல் கட்டியில் காணும் பி53 பழுது ஏறக்குறைய எப்போதும் அந்த நுரையீரல் செல்லிலேயே, அவருடைய வாழ்நாளில் உண்டானது. விந்தணுவிலும் கருமுட்டையிலும் அது இல்லை. பிள்ளைக்கோ பேத்திக்கோ போகாது. பிறவியிலேயே இந்த மரபணு பழுதாக வரும் லி-ஃப்ராமெனி என்ற நிலை இருக்கிறது. அது மிக அரிது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே மார்பகம், எலும்பு, மூளை என்று வெவ்வேறு புற்றுகள் வருவதைப் பார்த்துத்தான் அதைச் சந்தேகிப்பார்கள். 40 வருஷம் சிகரெட் பிடித்த ஒருவரின் நுரையீரல் ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சைக் கலைப்பது அறியாமை, அநியாயம். ஆச்சியிடம் இதை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் முகம் தெளிந்தது.

மகன் வாசல் வரை வந்து நின்றார். அவரும் சிகரெட் பிடிப்பவர். “இத்தனை வருஷம் பிடிச்சாச்சு. இனி விட்டு என்ன சார் ஆகப் போகுது, மரபணுல ஏறினது இறங்கவா போகுது?” என்றார். ஏறினது இறங்காது என்பது சரிதான். ஆனால் 2020-ல் வந்த ஓர் ஆய்வை அவரிடம் சொன்னேன். புகைப்பவர்கள், விட்டவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்கள் என்று மூன்று வகையினரின் மூச்சுக்குழாய்ச் செல்களை எடுத்து ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் தனித்தனியாகப் படித்தார்கள். புகைப்பவர்களின் செல்களில் எதிர்பார்த்தபடி ஆயிரக்கணக்கில் மாற்றங்கள். விட்டவர்களிடம் மட்டும் 40 சதவீதம் வரையிலான செல்கள், வாழ்நாளில் புகையே படாதவை போலச் சேதம் குறைவாக இருந்தன. புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருந்ததைப் போல நாலு மடங்கு. எங்கோ ஒதுங்கித் தப்பியிருந்த நல்ல செல்கள், புகை நின்றதும் பெருகிக் குழாயின் உட்சுவரை மறுபடி மூடியிருக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அந்தச் செல்களில் பி53 இரண்டு பிரதியும் முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “நாப்பதா?” என்று திரும்பக் கேட்டார். “நாப்பது வரைக்கும்” என்றேன்.